பேர் சொல்லி வெட்டிய காசு

நல்லகாமனின் பால் வண்டி கண்மாய்க் கரையில் வரும்போதே ஒச்சாயிக்குத் தெரிந்துவிடும். கருப்பு கோயிலைத் தாண்டும்போது அவன் ஒருமுறை ஹாரன் அடிப்பான். சாமிக்குப் பயந்து அடிக்கிறான் என்று அவள் வைத்துக்கொண்டாள். வண்டி தன் வாசலைக் கடக்கும்வரை வேறு பக்கம் பார்த்திருப்பாள். போன பிறகு, "இன்னும் இருக்கு, ஒனக்கு இன்னும் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு விட்ட வேலையைத் தொடருவாள். நாலு வருஷமாக அவளுடைய காலைப் பிரார்த்தனை அதுதான்.

சமயநல்லூருக்கு மேற்கே, நாலுவழிச் சாலையிலிருந்து பிரிந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் அவர்கள் ஊர். அந்தச் சாலையில்தான் அவள் மகன் தங்கப்பாண்டி விடியும் முன்னே வேலைக்குப் போனபோது அடிபட்டுக் கிடந்தான். இடித்த வண்டி நிற்கவில்லை. பார்த்தவர் இல்லை. போலீஸ்காரர்கள் வந்து சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு அடுத்த மழைவரைக்கும் இருந்தது. வழக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அன்றைக்கு நல்லகாமனின் வண்டியில் முன்விளக்கு உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன் ஒச்சாயியின் தம்பி ஜெயபாண்டி.

"எப்படிண்ணே ஒடஞ்சுச்சுன்னு கேட்டேன்க்கா. ஊரு முக்குப் புளியமரத்துல ஒரசிருச்சுங்கிறான். எத்தனை வருசமா அந்த வழியாப் போறான். அன்னைக்கெல்லாம் சும்மா நின்ன மரம் இன்னைக்குப் போயி இவனுக்குக் குறுக்க வந்துச்சாக்கும்?"

நல்லகாமன் பால் கொண்டு போவது அந்தச் சாலை வழியாக, அதே விடியல் நேரத்தில். சாவு வீட்டுக்கும் அன்று பொழுது சாய்ந்துதான் வந்தான். மாலையைப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஊர் கேட்டது. ஒச்சாயியும் கேட்டாள்.

காரியம் முடிந்ததும் கருப்பு கோயிலுக்குப் போனார்கள். மனிதர்கள் கைவிட்ட வழக்கை அங்கே கொண்டு போவது அந்தப் பக்கத்து வழக்கம். சாமிக்கு முன்னால் ஒரு செப்புக் காசை வைத்து, உளியால் இரண்டாக வெட்டிப் போட்டு, தீங்கு செய்தவனைக் கேள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் இடையில் தண்ணீர்கூடப் புழங்கக் கூடாது. நல்லதுக்கும் போகக் கூடாது, கெட்டதுக்கும் போகக் கூடாது. மனிதர்கள் பேசிக்கொண்டால் சாமி ஒதுங்கிவிடும்.

பூசாரி காளை சுத்தியலைக் கொடுப்பதற்கு முன் கேட்டார்.

"தாயி, பேரு சொல்லி வெட்டுறியா, சொல்லாம வெட்டுறியா?"

"ரெண்டுக்கும் என்ன?"

"சொல்லாம வெட்டுனா, யாரு செஞ்சாகளோ அவுகளைச் சாமியே தேடிப் போகும். கொஞ்சம் நாளாகும். சொல்லி வெட்டுனா நேரா அந்த வீட்டுக்குப் போகும். என்னைக் கேட்டா சொல்லாம வெட்டும்பேன்."

நாளாகும் என்பது மட்டும்தான் ஒச்சாயியின் காதில் விழுந்தது. நல்லகாமனின் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஜெயபாண்டி உளியைப் பிடித்துக்கொண்டான். அவள் அடித்தாள். ஒரே அடியில் காசு இரண்டாகித் தெறித்தது. உடன் வந்தவர்கள், "வாங்கிருச்சு, சாமி வாங்கிருச்சு" என்றார்கள்.

சாமி போன வேகத்தில் ஊர் மிரண்டுபோனது. முதல் மழைக்கு அறுந்து விழுந்த கரண்ட் கம்பியை மிதித்து நல்லகாமனின் கறவை மாடு செத்தது. பிறகு அவன் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், காசு வெட்டிய சேதி கேள்விப்பட்டு, தட்டை மாற்றாமலே திரும்பிப் போனார்கள். அந்தப் பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவன் மனைவி பாண்டியம்மாள் படுத்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்து, கடைசியில் அவளைப் போர்வையில் சுற்றி வீட்டுக்கே கொண்டு வந்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒச்சாயி கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். நன்றி என்று எதுவும் சொன்னதில்லை. கொடுக்கல் வாங்கலில் நாணயமானவரிடம் தலையசைப்பதுபோல அசைத்துவிட்டு வருவாள். மகன் போனபின் அவளை உயிரோடு வைத்திருந்தது அதுதான். உலகத்தில் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு மறக்கவில்லை என்ற நினைப்பு.

பாண்டியம்மாள் செத்த அன்று தெருவில் மேளம் கேட்டது. ஒச்சாயி அந்த வீட்டுக்குப் போகவில்லை, போகவும் முடியாது. கறி எடுத்துவரச் சொல்லி, மசாலை அரைத்து, குழம்பு வைத்தாள். மகன் செத்தபின் ஒச்சாயியின் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது அன்றைக்குத்தான். அவள் கணவர் உக்கிரபாண்டி சாப்பிட்டார். மகள் அஸ்வினி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"தங்கப்பாண்டி பொறந்தப்ப அவனை மொதல்ல தூக்குனது பாண்டியம்மா அத்தைன்னு நீதானம்மா சொல்லுவ" என்று மட்டும் கேட்டாள்.

"அவ தூக்குன புள்ளையத்தான் அவ புருசன் கொன்னான்" என்றாள் ஒச்சாயி.

அஸ்வினி பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மதுரை தல்லாகுளத்தில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். போன மாதம் ஒரு நாள் வழக்கத்துக்கு முன்பே வீடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளுக்குப் போன் வந்திருந்தது. ஒரு லாரி கிளீனர் தன் டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு, ஆத்திரத்தில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பழையதை எல்லாம் கொட்டிவிட்டான். டிரைவரைப் பிடித்து விசாரித்தார்கள். ஒத்துக்கொண்டுவிட்டான்.

"அது நல்லகாமன் மாமா இல்லம்மா" என்றாள் அஸ்வினி.

ஒச்சாயி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்து முடித்தாள். சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு, "எந்தக் கோர்ட்டு?" என்று கேட்டாள்.

வாய்தா நாளன்று மகளோடு போனாள். கோர்ட்டு வராந்தாவில் கூட்டத்தோடு கூட்டமாக அந்த டிரைவர் நின்றிருந்தான். ஜாமீனில் வந்தவன். நாலு வருஷமாக அவள் மனசில் வைத்திருந்த முகத்துக்கும் அவனுக்கும் ஒட்டே இல்லை. ஒல்லியான ஆள், வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் பாட்டில். இவர்கள் யார் என்று வக்கீல் காட்டியதும் கிட்டே வந்து கும்பிட்டான்.

"தூக்கக் கலக்கத்துல நாய்னு நெனச்சுட்டேம்மா. ரொம்ப தூரம் போயி எறங்கிப் பாத்தப்பத்தான் பம்பர்ல துணி இருந்துச்சு. திரும்பி வரப் பயந்துட்டேன்."

ஒச்சாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"புள்ளைக இருக்கா?"

"ரெண்டு பேரும்மா. ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுக."

"நல்லா இருக்காகளா?"

"சாமி புண்ணியத்துல நல்லா இருக்காகம்மா."

"பொண்டாட்டி?"

"இருக்கும்மா."

"மேலுக்கு ஒண்ணும் இல்லையே? நோவு நொடி?"

அவன் கண் கலங்கிவிட்டது. மகனைப் பறிகொடுத்தவள் தன் குடும்பத்தின் நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கா. ஒங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்று காலில் விழப் போனான். ஒச்சாயி காலை இழுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. இவன் வீட்டுக்கு யாரும் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபின் ஒச்சாயி கேட்டாள்.

"அப்ப பாண்டியம்மாளை யாருடி கொன்னா?"

"யாரும் கொல்லல. அது கேன்சர்மா. சதையை எடுத்து எங்க லேபுக்குத்தான் அனுப்புனாக. நானே கண்ணாடியில வச்சுப் பாத்தேன். அது வருசக்கணக்கா உள்ள இருந்த கட்டி. அண்ணன் சாகுறதுக்கு முந்தியே இருந்திருக்கும். காசு வெட்டி யாருக்கும் கேன்சர் வராது. நீ அதை நெனச்சு மருகாத."

"கருப்பு அந்த வீட்டுக்குப் போகலங்கிற."

"போகல."

"லாரிக்காரன் வீட்டுக்கும் போகல."

அஸ்வினி தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அப்ப நாலு வருசமா நான் யாருகிட்டடி பேசிக்கிட்டு இருந்தேன்?"

ஆறுதலாக இருக்கும் என்று மகள் சொன்னது அப்படி வந்து முடிந்தது. காசு வேலை செய்தது என்றால் பாண்டியம்மாளைக் கொன்றது ஒச்சாயி. வேலை செய்யவில்லை என்றால் அவள் ஏற்றிய கற்பூரம் அத்தனையும் ஒரு கல்லுக்கு முன்னால் எரிந்து அணைந்தது. தங்கப்பாண்டிக்காக யாரும் எங்கேயும் புறப்படவே இல்லை. இரண்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தாள். எதைப் பிடித்தாலும் கை சுட்டது.

சேதி கேட்டு ஜெயபாண்டி வந்தான். வெட்டிய காசைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னதும் துள்ளினான்.

"பேசாம இருக்கா. எடுத்தா என்ன அர்த்தம்? பாண்டியம்மாளை அநியாயமா நம்ம சாகடிச்சோம்னு நம்மளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும். அவரு பாட்டுக்குப் பால் ஊத்திக்கிட்டுத் திரியுறாரு. கெளறாத."

"நீதானடா வந்து விளக்கு ஒடஞ்சிருக்குன்ன."

"விளக்கு ஒடஞ்சிருக்குன்னுதான் சொன்னேன். பேரை நானா சொன்னேன்? பேரு சொன்னது நீயி."

உக்கிரபாண்டி மூலையிலிருந்து வாயைத் திறந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், பேரு வேணாம்னு."

"எப்பச் சொன்னீக?"

"மனசுக்குள்ள."

"அங்கனயே வச்சுக்கிருங்க" என்றாள் ஒச்சாயி.

மறுநாள் பூசாரியிடம் போனாள். காளைக்கு வயதாகியிருந்தது. கண்ணில் புரை விழுந்து, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டார்.

"ஏய்யா, சாமி தப்பான வீட்டுக்குப் போகுமா?"

"நீ சொன்ன வீட்டுக்குப் போச்சு. அது எப்படித் தப்பாகும்?"

"செஞ்சது யாருன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான தாயி ஒன்னையச் சொல்லாம வெட்டச் சொன்னேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. மழை வரும், வராது என்கிறமாதிரிதான் சொன்னார். காசைத் திரும்ப எடுக்க வழி இருந்தது. வெட்டியவள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஒரு வாய் தண்ணீர் கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்து இவள் குடித்துவிட்டால் வெட்டு செத்தது. பிறகு கோயிலுக்கு வந்து ஒரு தேங்காய் உடைத்தால் போதும்.

"குடுக்கலைன்னா?"

"குடுக்குறவரைக்கும் கேக்கணும்" என்றார் காளை.

பால் ஊற்றிவிட்டு நல்லகாமன் திரும்பும் நேரம் பார்த்து ஒச்சாயி போனாள். வழியில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். வைவான், கல்லை எடுத்து எறிந்தாலும் எறிவான் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். எறிந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். நல்லகாமன் வாசலில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிப் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான். பாண்டியம்மாள் இருந்தபோது அந்த வாசலில் கோலம் இல்லாத நாள் கிடையாது. இப்போது கேன் கழுவிய தண்ணீர் ஓடி ஓடிப் பாசி பிடித்திருந்தது.

"ஒரு வாய் தண்ணி குடுண்ணே."

அவன் நிமிரவில்லை. அவள் ஏன் தண்ணீர் கேட்கிறாள் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"சேதி கேட்டேன். லாரியாமே."

"ஆமாண்ணே. பேரைச் சொல்லித் தப்புப் பண்ணிட்டேன்."

"நீ மட்டுமா சொன்ன. ஊரே சொல்லுச்சு." கேனுக்குள் கையை விட்டுத் தேய்த்தான். "புளியமரம்தான் தங்கச்சி. அன்னைக்குக் கறவையில பால் கொறஞ்சிருச்சுன்னு அடுத்த ஊருல வாங்க வேகமாத் திருப்புனேன். ஒரசிருச்சு. மரத்துல வடு இருக்கு. நானும் எம்புட்டோ சொன்னேன், போயிப் பாருங்க, போயிப் பாருங்கன்னு. கூப்புடு தூரம். ஒருத்தன் போயிப் பாக்கல."

"சாவுக்கு நீ நேரங்கழிச்சு வந்தயேண்ணே. யாரு மூஞ்சியையும் பாக்கல."

"எல்லாரும் விளக்கைப் பாத்துட்டு என்னையப் பாத்தா நான் எங்குட்டுப் பாக்குறது?"

கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"மொதல்ல எனக்குப் பயமே இல்ல. நான் செய்யல, அது கருப்புக்குத் தெரியும். கோயிலைத் தாண்டுறப்ப ஹாரன் அடிச்சுட்டுப் போவேன், ஒனக்குத் தெரியும்லன்னு. மாடு செத்துச்சு. சரி, கரண்டு கம்பி அறுந்தா எவன் மாடா இருந்தாலும் சாகும்னேன். பொண்ணுக்கு வந்த எடம் போச்சு. பரவாயில்லைன்னேன். பாண்டியம்மா படுத்தா பாரு, அப்பத்தான்."

ஒச்சாயி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

"அவ கேக்க ஆரம்பிச்சுட்டா. நெசத்தைச் சொல்லிருங்க, சொன்னா அது நம்மளை விட்டுரும்னு. நான் செய்யலடின்னா நம்ப மாட்டேங்கிறா. சாமி பொய் சொல்லுமா, நீங்க பொய் சொல்லுவீகளான்னு கேட்டா நான் என்ன சொல்றது? தெனம் கேப்பா. வலியில கேப்பா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தூக்கத்துல இடிச்சிருப்பேனோ, எனக்குத்தான் தெரியாமப் போச்சோன்னு. ஒருநா அவ படுறதைப் பாக்க முடியாம, ஆமாடி, நான்தான் இடிச்சேன்னு சொல்லிட்டேன்."

ஒச்சாயி பாசியில் வைத்திருந்த காலை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

"அவ மூஞ்சியைப் பாக்கணுமே நீ. தாலி கட்டுன அன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல. பொழைச்சுக்கிருவேன்னு நம்பிட்டா. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டா. நானும் நெனச்சேன், ஒரு பொய்யி, போகட்டும், அவ பொழைச்சாப் போதும்னு." அவன் கை கேனுக்குள்ளேயே நின்றது. "மறுநா கஞ்சியைக் கொண்டு போயி நீட்டுறேன், என் கையால வாங்க மாட்டேன்னுட்டா. ஒச்சாயி மகனை மொதல்ல தூக்குனது நான்தான்னா. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. போறவரைக்கும் திரும்பல."

தெருவில் ஒரு டிவிஎஸ் கடந்து போனது. அது போனபின் அவன் கேனுக்குள்ளிருந்து கையை எடுத்தான்.

"நீ வெட்டுனதை இன்னைக்கு எடுத்துட்டுப் போயிருவ தங்கச்சி" என்றான் நல்லகாமன். "நான் சொன்னதை எங்க போயி எடுக்குறது?"

அந்தக் காசு எங்கே போனது என்று ஒச்சாயிக்கு இப்போது தெரிந்தது. மகள் சொன்னதும் சரி, பூசாரி சொன்னதும் சரி. கட்டி தானாகத்தான் வந்தது. காசு கட்டிக்குள் போகவில்லை. ஒரு பெண் தன் புருஷனைப் பார்க்கிற பார்வைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எந்தச் சாமியும் தூக்கிச் சுமக்கவில்லை. ஒச்சாயியின் வாயிலிருந்து விழுந்த ஒரு பெயரே போதுமாக இருந்திருக்கிறது. பாண்டியம்மாள் செத்த அன்றைக்கு இவள் தன் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க மூடியைத் திறந்து மணம் பார்த்திருக்கிறாள்.

நல்லகாமன் எழுந்து உள்ளே போனான். பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. சொம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தான். ஒச்சாயி கையேந்தினாள். அவன் நீட்டப் பார்த்தான். பாதி தூரம் கை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தண்ணீரைக் கேனுக்குள் ஊற்றி, அலசி, வாசலில் கொட்டினான். அது அவள் கால் வரைக்கும் ஓடி வந்தது.

"முடியல தங்கச்சி."

"சரிண்ணே."

"வேணும்னு செய்யல."

"தெரியும்ணே. நாளைக்கு வாரேன்."

"நாளைக்கும் முடியுமான்னு தெரியல."

"நான் வாரேன்" என்றாள்.

அவன் அடுத்த கேனை எடுத்தான்.

திரும்பும்போது கருப்பு கோயில் வந்தது. வழக்கப்படி கை கன்னத்துக்குப் போனது. போன கையைக் கீழே இறக்கிவிட்டாள். கோபத்தில் இறக்கவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், யாரிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் கேட்டதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிட்டதாக மட்டும் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பாமல் நேராக நடந்தாள். ஊர் முக்கில் புளியமரம் நின்றது. பஸ் ஏறப் போகும்போதெல்லாம் அவள் கடந்து போகிற மரம்தான். நிழலுக்கு அதன் கீழே நின்றும் இருக்கிறாள். சாலைப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் ஒரு வடு இருந்தது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவன் வண்டியின் வெள்ளைப் பெயின்ட் ஒரு கீற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வடுவின் நடுவில் ஏதோ மினுங்கியது. விரலால் தடவினாள். முன்விளக்கின் கண்ணாடிச் சில்லு. பட்டை நாலு பக்கமும் வளர்ந்து வந்து அதைப் பாதி மூடியிருந்தது.

நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை.